வேலியோரத்து ஊதாப் பூ

கோத்தகிரி
அக்டோபர் 12

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற முடியவில்லை என்று போனில் சொன்னாயே, அதே நினைப்பாக இருக்கிறது. இங்கே பத்து நாளாக மழையும் மூடுபனியும்தான். சாயங்காலம் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது, துணி காயவே மாட்டேன் என்கிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோதே வேலியோரம் என் தோள் உயரத்துக்கு ஒரு புதர்ச்செடி நின்றது. இப்போது செடி முழுக்க ஊதாப் பூ. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம், பட்டுத்துணியில் வெட்டின மாதிரி ஐந்து இதழ். சீக்கிரமே உதிர்ந்துவிடுகிறது. காலையில் தரையெல்லாம் ஊதாவாகக் கிடக்கும்போது பெருக்க மனசே வருவதில்லை.

பெயர் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பால்காரர் 'வயலட் பூ' என்றார். குன்னூரில் ஒரு நர்சரியில் பூவைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் ஒரு பெயரைச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து படத்தோடு ஒப்பிட்டால் சம்பந்தமே இல்லை. தினமும் கண்ணெதிரே நிற்கிற ஒன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

அப்புறம் ஒருநாள் பூவை விட்டுவிட்டு இலையைப் பார்த்தேன். தொட்டால் பூனைக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ஐந்து நரம்புகள் காம்படியில் புறப்பட்டு நுனியில் போய்ச் சேர்கின்றன. பிரிஞ்சி இலையில் மூன்று கோடு ஓடுமே, அதே போல. இளந்தண்டு துளசித்தண்டு மாதிரி நாலு பட்டை. இந்த இலையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே நின்றேன். நம் கூடலூர் ஓடைக்கரை! பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், வெடித்த காய்க்குள் கருநீலமாக இருக்கும் சதையை வழித்துத் தின்போமே, நாக்கு கருத்துப்போய் வீட்டில் மாட்டிக்கொள்வோமே, அந்தச் செடியின் இலைக்கும் இதே வரிகள். நீதான் முதலில் தின்று காட்டினாய்.

அதைப் பிடித்துக்கொண்டு தேடினேன். நம் ஓடைக்கரைச் செடி மெலஸ்டோமா. கிரேக்க மொழியில் 'கருத்த வாய்' என்று அர்த்தம்! படித்ததும் உன் முகம்தான் கண்ணில் நின்றது. என் வேலியோரச் செடி அதே குடும்பத்தைச் சேர்ந்த திபூச்சினா, பிரேசிலிலிருந்து வந்தது. 2019-இல் தாவரவியலாளர்கள் இதைப் பிளிரோமா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஆனாலும் தோட்டம் வைப்பவர்களிடம் பழைய பெயர்தான் புழங்குகிறது. உறுதி செய்துகொள்ள மகரந்தத் தாள்களையும் பார்த்தேன். ஓடைக்கரைச் செடியில் பாதி மஞ்சள், பாதி ஊதா. இதில் எல்லாமே ஊதா, சிலந்திக்கால் மடங்கினாற்போல வளைந்து நிற்கின்றன.

நேற்று கொஞ்ச நேரம் வெயில் எட்டிப் பார்த்தது. ஒரு கருவண்டு வந்து பூவில் உட்கார்ந்து தாள்களைக் கட்டிப்பிடித்தது. உடனே அதன் ரீங்காரம் மாறி, கீச்சென்று உயர்ந்தது. மகரந்தப்பை நுனியில் சின்னத் துளைதான் இருக்கிறது, வண்டு உடம்பை அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். கத்தரிப் பூவும் இப்படித்தான். இத்தனை வருஷம் கத்தரி போட்டிருக்கிறேன், ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

நீ குச்சி கேட்பாய், தெரியும். தருகிறேன், ஆனால் தொட்டியில்தான் வைக்க வேண்டும். ஹவாய்த் தீவுகளில் அழகுக்கென்று கொண்டுபோய் வைத்த இந்தச் செடி, காட்டுக்குள் புகுந்து இன்று களையாகிவிட்டது. உண்ணிச்செடி நம் மலையைப் படுத்தும் பாடு நமக்குத் தெரியாததா? அதனால் கவாத்து செய்த குச்சிகளை நான் ஓடைப் பக்கம் வீசுவதே இல்லை, நன்றாகக் காயவைத்து அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

நம் ஓடைக்கரைச் செடி இன்னும் அங்கே இருக்கிறதா? முழங்கால் இடம் கொடுத்தால் ஒருநாள் மெதுவாக நடந்து போய்ப் பார். பழம் இருந்தால் ஒன்றைத் தின்றுவிட்டு, நாக்கு கருத்ததா என்று எழுதுடி.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி