களையோடு நெல்லையும் கருக்கிய களைக்கொல்லி: இழப்பீடு கோரிப் புகார்

அனுப்புநர்:
நெல் விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
களைக்கொல்லி தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: பிரெட்டிலாகுளோர் 50 ஈ.சி. (தண்ணீரில் பால்போல் கலக்கும் திரவ வடிவக்) களைக்கொல்லி போட்டதில், சேற்றில் நேரடியாக விதைத்த நெல் அழிந்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மேற்படி மருந்தை இந்தக் குறுவைப் பருவத்துக்கு வாங்கி, முளை கட்டிய ஆடுதுறை 45 ரக நெல் தெளித்திருந்த ஆறு மா நிலத்தில் போட்டேன். களை வரவில்லை. நெல்லும் வரவில்லை.

உங்கள் தமிழ்த் துண்டறிக்கையில் உள்ள அளவுப்படிதான் காய்ந்த மணலில் கலந்து, வயலில் மெல்லிசாகத் தண்ணீர் கட்டி, சீராக வீசினோம். அடுத்த வாரம் வரப்பில் நின்று பார்த்தால் அங்கொரு திட்டு இங்கொரு திட்டு. பிடுங்கிப் பார்த்தேன். குருத்து விரிய முடியாமல் சுருண்டு, உறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது.

வேளாண் அலுவலர் காலி பாட்டிலைத் திருப்பிப் பார்த்ததுமே, "இது நடவு வயலுக்கு உள்ளதுங்க" என்றார். நடவில், வேர் பிடித்த நாற்று இந்த மருந்தைத் தாங்கிக்கொள்ளும். முளைக்கிற களைதான் சாகும். சேற்று விதைப்பில் களையும் நெல்லும் ஒன்றாக முளைக்கின்றன. அதனால் நெல்லைக் காக்க ஃபென்குளோரிம் என்ற பாதுகாப்பான் சேர்த்த, இதே மருந்தின் 30.7 ஈ.சி. வகையைத்தான் போட வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததா?

பாட்டிலில் 'நடவு நெல்லுக்கு' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. தமிழ்த் துண்டறிக்கையிலோ வெறும் 'நெல்'. போதாததற்கு, எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வந்த உங்கள் விற்பனைப் பிரதிநிதி, "தெளிச்ச வயலுக்கும் இதையே போடலாம், ஒண்ணும் ஆகாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் மருந்துக்கு எதிரி இல்லை. இன்னொரு வயலில் வரிசை நடவு செய்து கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியைத் தள்ளுகிறோம். பத்து நாளைக்கு ஒரு தரம் தள்ளினால் களை சேற்றோடு அமுங்கிவிடும், அங்கே களைக்கொல்லியே வேண்டாம். தெளித்த வயலில் வரிசை ஏது, வீடர் ஓட்ட? கையால் எடுக்கலாம் என்றால் குதிரைவாலிப் புல் இளசில் நெல் மாதிரியே நிற்கும். இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தில் நெல்லுக்கு வெள்ளைச் சவ்வு இருக்கும், குதிரைவாலிக்கு இருக்காது. இதைக் குனிந்து பார்த்து எடுக்கத் தெரிந்த பெண்கள் குறைந்துபோனார்கள். இருப்பவர்களுக்கும் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் வேலை. சேடை ஓட்டுமுன், அதாவது வயலைச் சேறாக உழுமுன், தண்ணீர் விட்டுக் களையை முளைக்க வைத்து, மடக்கி உழுவது நல்ல வழிதான். ஆனால் மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தபின் அதற்குக் காத்திருக்க நாள் ஏது? ஆகவேதான் மருந்துக்கு வருகிறோம்.

இப்போது மறுபடி விதை வாங்கித் தெளித்திருக்கிறேன். அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையை ஒதுக்கிவைப்பார்கள். அந்த நட்டமும் இதில் சேரும்.

1. விதை, உழவு, கூலி, மருந்துச் செலவு முழுவதையும் திருப்பித் தர வேண்டும்.
2. தமிழ்த் துண்டறிக்கையில் 'நடவு வயலுக்கு மட்டும், நேரடி விதைப்புக்கு ஆகாது' என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். கடைகளில் இருக்கும் பாட்டில்களிலும் ஒட்ட வேண்டும்.
3. அந்தப் பிரதிநிதி பேசிய ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். குறுவைக்கு அடுத்த தாளடிப் பருவத்துக்கும் தெளிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள், இதுதான் அவசரம்.

பயன்படுத்தும் முறையைச் சரியாகச் சொல்லாத தயாரிப்பாளர் இழப்புக்குப் பொறுப்பு என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்வேன். ரசீது நகலும் வயலின் படங்களும் இணைத்துள்ளேன். காலி பாட்டிலும் துண்டறிக்கையும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைத் தபாலில் அனுப்புவதாக இல்லை, உங்கள் ஆள் நேரில் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
நெல் விவசாயி