ஏழாவது மாடியிலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிறு பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்கு அழைத்துப் பேசும்போது, "தோ பாயோ வீட்டை விற்றுவிட்டு ஈரறை ஃபிளெக்சி வீட்டுக்குப் போங்கப்பா, கையில் நாலு காசும் நிற்கும்" என்றாய். கணக்கு சரிதான். எனக்குத்தான் அப்போது வாயில் பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விசாரித்தேன். என்னைப் போன்ற கிழவர்களுக்கு அந்தச் சின்ன வீட்டைக் குறுகிய குத்தகையில் தருகிறார்கள், ஆனால் குறைந்தது 95 வயது வரைக்குமாவது எடுக்க வேண்டுமாம். எனக்கு இப்போது 76. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு என் மேல் இவ்வளவு நம்பிக்கை!

இந்த மூவறை வீட்டை 1974இல், கல்யாணமான வருஷம், சேம நிதியிலிருந்து மாதாமாதம் கழித்து வாங்கினேன். 99 வருஷக் குத்தகை. எனக்குப் பிறகும் அது பாட்டுக்கு ஓடும்.

அப்போதெல்லாம் நம் புளோக்கில் லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும். உன் அம்மா ஈரச்சந்தைப் பைகளோடு ஐந்தில் இறங்கி, படியேறி வருவாள். ஆறாவது மாடியில் ஒரு மலாய்ப் பாட்டி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். அங்கே பையை இறக்கி வைத்தால் அரை மணி போய்விடும், மீன் நாறிவிடும் என்று நான் கத்துவேன். பிறகு மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்து எல்லா மாடியிலும் லிஃப்ட் நின்றது. என் முட்டிக்கு அது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் இன்று ஆறாவது மாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஓரறை வாடகை வீட்டில் இருக்கிறார். முன்பின் தெரியாத இன்னொரு ஆளோடு சேர்ந்து எடுத்தது. நடுவில் ஒரு திரைத்துணி, அவ்வளவுதான். காலையில் கீழே, புளோக்குக்கு அடியில் திறந்து கிடக்கும் வெற்றுத்தளத்துக் கல் மேசைக்கு வந்தால் இருட்டிய பிறகுதான் மேலே போவார். வீடு எது என்று கேட்டால் அந்த மேசையைத்தான் காட்டுவார் போல.

சரி, ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பெல்லாம் முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஞாபகமிருக்கிறதா? காலையில் ரேடியோவில் ஒலி 96.8ஐச் சத்தமாக வைக்கிறேன் என்று பதினைந்து வருஷமாகச் சுவரைத் தட்டுகிறவர். அன்று ஏழரை ஆகியும் ரேடியோ கேட்கவில்லை. சுவரைத் தட்டியிருக்கிறார், அப்புறம் கதவை. கடைசியில் கீழே காப்பிக்கடைத் தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். செருப்பு அலமாரிக்குப் பின்னால் சாவி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

குளியலறைக்குக் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் போட மனுக் கொடுத்திருக்கிறேன். செலவில் பெரும்பகுதி அரசாங்கம் தரும். புது வீட்டில் இதையெல்லாம் முதல் நாளே கேட்டு வாங்கிவிடலாம் என்பாய். வாங்கலாம். ஆனால் அங்கே பக்கத்து வீட்டுக்காரர் என் ரேடியோவைத் திட்ட ஆரம்பிக்கவே சில வருஷம் ஆகும்.

டிசம்பரில் வரும்போது ஆன்ட்டிக்கு ஏதாவது இனிப்பு வாங்கி வா, சர்க்கரை குறைவாகப் பார்த்து. எனக்கு வாங்கித் தருகிறேன் என்றாயே, அந்த ஹெட்ஃபோன் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா