புளி போட்டுத் தேய்த்த நியூட்டன்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய இரண்டு பிரிட்டன் ஐம்பது பென்ஸ் காசும் பத்திரமாக வந்து சேர்ந்தன. முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைச் சில்லறையில் கிடைத்தது என்று தாளில் மடித்து வைத்திருந்தாயே, 2017-ஆம் வருடத்து நியூட்டன் காசு, அது ஒரே அழுக்கு. குத்துவிளக்கு தேய்த்த கையோடு அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். அப்பா பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சேகரிக்கும் காசைத் தேய்க்கவே கூடாதாம், மதிப்பு போய்விடுமாம். நியூட்டனோ 1696-இல் லண்டன் நாணயச்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கள்ளக்காசு அடித்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்தவர். என்னை லேசில் விட்டிருக்க மாட்டார்.

இன்னொன்று, டி.என்.ஏ.வை ஆராய்ந்த விஞ்ஞானி ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் காசு. அதை அட்டையை விட்டு எடுக்கவே இல்லை. புழக்கத்துக்கே விடாத ஐம்பது பென்ஸுக்குப் பத்து பவுண்டு கொடுத்தாயா என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அவர் முகம் இல்லை. அவர் எடுத்த எக்ஸ்ரே படம், 51-ஆம் எண் படம்தான் இருக்கிறது, நடுவில் பெருக்கல் குறி மாதிரி. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நின்ற எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்!

நாங்கள் நெஞ்சுப் படம் எடுத்தால், 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் முடிந்துவிடும். 1952-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் அவரும் மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் அந்த ஒரு படத்துக்கு அறுபது மணி நேரத்துக்கும் மேல் கதிர் பாய்ச்சினார்களாம். முடி போல மெல்லிய டி.என்.ஏ. இழை, ஈரப்பதம் மாறினால் படமும் மாறிவிடும். அந்தப் பெருக்கல் குறிதான் டி.என்.ஏ. சுருளாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. அதை அவருக்குத் தெரியாமலே, டி.என்.ஏ.வின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த வாட்சன் என்ற விஞ்ஞானியிடம் காட்டிவிட்டார்கள். அந்த வடிவத்துக்கான நோபல் பரிசு 1962-இல் வாட்சனோடு சேர்த்து மூன்று ஆண்களுக்குப் போனது. இவர் 1958-லேயே சினைப்பைப் புற்றுநோயில் போய்விட்டார், 37 வயதில். எங்களுக்காவது கதிரைத் தடுக்க ஈய ஏப்ரன் இருந்தது.

அவர் பிறந்த நூற்றாண்டுக்கு, 2020-இல், இந்தக் காசு. முகத்தைப் போடாமல் படத்தைப் போட்டதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. பறிபோனது அதுதானே.

அப்பா ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். காசுக்கு ஏழு பக்கம் இருந்தும் எப்படித் திருப்பினாலும் ஒரே அகலமாம், அதனால்தான் காசு போடும் மெஷினில் சிக்குவதில்லையாம். அளந்து காட்டியது நான் தேய்த்த நியூட்டனை வைத்துத்தான்.

சில்லறையில் இன்னொரு நியூட்டன் வந்தால் எடுத்து வை. அழுக்கோடு அப்படியே அனுப்பு. கழுவ மாட்டேன்.

அம்மா