சும்மா இருக்கும் கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம்: ஞாயிறு காலை கூடுவோம்

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

நாம் வேலை செய்யாத நேரத்தில் நம் கம்ப்யூட்டர் அறிவியல் ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டுத் தரும். பெரிய கணக்கைச் சின்னத் துண்டுகளாக்கி இணையத்தில் அனுப்புவார்கள். முடித்ததும் விடை தானாகத் திரும்பிப் போகும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பாயிங்க் (BOINC) என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ஓடும் திட்டங்களில் ரொசெட்டா அட் ஹோம் புரதங்களின் வடிவத்தை ஆராய்கிறது, ஐன்ஸ்டைன் அட் ஹோம் பல்சார் என்ற வேகமாகச் சுழலும் விண்மீன்களைத் தேடுகிறது. வேற்றுக்கிரக சிக்னல் தேடிய செட்டி அட் ஹோம் 2020இல் புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஏலியன் கிடைத்ததா என்று கேட்க வேண்டாம், கிடைக்கவில்லை!

15ஆம் தேதி, ஞாயிறு, காலை 10.30, அசோசியேஷன் ரூம்.

1. லேப்டாப், சார்ஜர் கொண்டு வரவும்.

2. ஆபீஸ் லேப்டாப் வேண்டாம். கம்பெனி அனுமதி இல்லாமல் மென்பொருள் ஏற்றினால் வம்பு.

3. பாயிங்கை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கவும். ஓடிபி, வங்கி விவரம் கேட்டால் அது போலி.

4. கரண்ட் பில்தான் முக்கியம். முழு வேகத்தில் விட்டால் யூனிட் ஏறும், நம்ம ஊர் வெயிலுக்கு லேப்டாப் கொதிக்கும், ஃபேன் இரையும். பாதி கோர் (பிராசசரின் பாதி மட்டும் வேலை செய்வது), இரவில் மட்டும், பேட்டரியில் ஓடினால் நிறுத்து என்று செட்டிங்கில் வைக்கலாம், அன்று காட்டுகிறோம். இரண்டு மாத பில் 500 யூனிட்டை ஒட்டி வருபவர்கள் யோசித்துச் சேரவும்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் ஃபிளாட் எண்ணுடன் இங்கே பதில் போடுங்கள். அப்புறம், ரூமில் பிளக் பாயிண்ட் குறைவு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருப்பவர்கள் சொல்லவும்.

- செயலாளர்