பரந்தனில் தொடங்கலாம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை சரிவந்தது பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம், அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை.

சரி, போருக்கு முன் ஓடிய ஆலைகளை அரசாங்கம் திரும்பத் திறக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் வேண்டாம் என்பேன். காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1990இல் நின்றது, அதை மறுபடி ஓட்டினால் சுண்ணாம்புக்கல் தோண்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்க ஓடும் ஆறில்லை, அந்தக் கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைத்தண்ணீர்தான் எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. அதைத் தொடக்கூடாது.

கிளிநொச்சிப் பக்கம் இருந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அப்படியல்ல. பக்கத்திலேயே ஆனையிறவு உப்பு. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரீனும் கோஸ்டிக் சோடாவும் வரும், ஒன்று குடிதண்ணீரைச் சுத்தமாக்க, மற்றது சோப்புக்கும் கடதாசிக்கும். ஆலை போரில் அழிந்த பிறகும் அந்தக் கம்பனி இருக்கிறது, ஆனால் குளோரீனை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கிறது! நினைத்தாலே வயிறு எரிகிறது. 2025இல் ஆனையிறவில் மேசை உப்பு ஆலை திறந்தார்கள், நல்ல காரியம், ஆனால் உப்பைப் பையில் அடைத்து அனுப்புவதோடு நின்றால் எங்கள் பெடியளுக்கு மிஞ்சுவது மூட்டை தூக்கும் கூலிதான்.

இறக்குமதிக்குத் தீர்வை போட்டு உள்ளூர் ஆலையைக் காப்பாற்றத்தான் வேண்டும், அதற்கு ஒரு கெடுவும் வேண்டும். 1977க்கு முன் இலங்கையில் இறக்குமதியை இறுக்கி வைத்திருந்தார்கள், உள்ளூர் ஆலைகளிடம் தரமோ விலையோ யாரும் கேட்கவில்லை, அப்புறம் கதவு திறந்ததும் எத்தனையோ நெசவாலைகள் படுத்துவிட்டன. தென்கொரியாவும் தன் ஆலைகளைக் காத்தது, ஆனால் ஏற்றுமதி செய்து காட்டியவனுக்குத்தான் மலிவுக் கடன். இரண்டு கோடிக்குக் கொஞ்சம் மேற்பட்ட சனத்தை மட்டும் நம்பி இங்கே எந்தப் பெரிய ஆலையும் நிற்காது. பரந்தனுக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இத்தனை வருஷத்துக்குள் இறக்குமதி விலைக்குக் கொடு, இல்லையென்றால் காப்பு இல்லை என்று.

எனக்குப் பயம் மின்சாரத்தில்தான். ஒரு தொன் கோஸ்டிக் சோடாவுக்கு இரண்டாயிரம் யூனிட்டுக்கு மேல் போகும், இங்கத்தைய கட்டணத்தில் அது கட்டுமா? பாதரசம் பாவிக்கிற பழைய முறையும் கூடவே கூடாது. நீ இத்தனை காலம் அங்கே இரசாயன ஆலையில் நின்றவன், சின்ன அளவில் மெம்பிரேன் ஆலை, அதுதான் பாதரசம் இல்லாமல் மெல்லிய சவ்வு வைத்துப் பிரிக்கிறது, போட்டால் என்ன செலவாகும், பகல் வெயிலில் சூரிய மின்சாரத்தை வைத்து எவ்வளவு ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு எழுது. இங்கே சங்கக் கூட்டத்தில் அதைக் காட்டிப் பேசப் போகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்