திப்ருகரிலிருந்து நாகர்கோவிலுக்கு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதிகாலை நாலரை மணிக்குத் தொலைபேசியில் அழைத்து உன் தூக்கத்தைக் கெடுத்ததற்காக என்னைக் கடிந்துகொண்டு, "உனக்கும் எனக்கும் ஒரே கடிகாரம்தானே?" என்று கேட்டிருந்தாய். கடிகாரம் ஒன்றுதான். ஆனால் அன்று நான் பேசிக்கொண்டிருந்தபோது இங்கே முற்றத்துக் கொடியில் காய்ந்த துணியின் நிழல் தரையில் தெளிவாக விழுந்திருந்தது. உன் பக்கம் இருட்டு என்பது நினைவுக்கு வரவே இல்லை.

நாகர்கோவில் 77½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியும், அசாமின் திப்ருகர் 95 பாகைக்குச் சற்று உள்ளேயும் இருக்கின்றன. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் என்று கணக்கிட்டால், நமக்கிடையே 70 நிமிடம். இது ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருக்கும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆனால் இந்த ஊர் வடக்கே தள்ளியிருப்பதால் பகல் கோடையில் நீண்டு குளிர்காலத்தில் சுருங்குகிறது. அதனால் ஜூன் கடைசியில் இங்கே நாலேகாலுக்கு எழும் சூரியன் உங்களுக்கு ஆறு மணிக்குத்தான் வருகிறது, மாலையிலோ அரைமணி வேறுபாடுதான். டிசம்பரில் எல்லாம் தலைகீழ். நாலு இருபதுக்கு இங்கே பொழுது சாய்ந்துவிடும். நீங்கள் அப்போது மாலைத் தேநீருக்கே எழுந்திருக்க மாட்டீர்கள்.

இங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முந்தி வைத்துக்கொள்கின்றன. 'பாகான் டைம்', அதாவது தோட்ட நேரம், என்பார்கள். வந்த புதிதில், எட்டு மணிக்கு வரச் சொன்ன ஒரு தோட்ட அலுவலகத்துக்கு எட்டு அடிக்கப் போய் நின்றேன். எழுத்தர் பேசவில்லை, ஒன்பது காட்டிய சுவர்க்கடிகாரத்தை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தார்.

1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய நேரத்தைக் கல்கத்தா 1948 வரை ஏற்கவில்லை என்று படித்தபோது, முன்பானால் அதைப் பிடிவாதம் என்றிருப்பேன். தேசிய இயற்பியல் ஆய்வகத்தார் 2018-இல் கிழக்குக்குத் தனி நேரம் வகுக்கலாம் என்று முன்மொழிந்தார்கள்; நடக்கவில்லை. அலுவலகம் திறப்பதற்குள் பாதிக் காலை வீணாவதைத் தினமும் பார்ப்பதால், எனக்கு அவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது.

ஊரின் குணத்தைக் கேட்டிருந்தாய். நம்மூரில் யாரிடம் வழி கேட்டாலும் 1893-இல் எழுந்த மணிமேடையில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். இங்கே அப்படி நிலைத்த ஒன்றைக் காட்டுவது கடினம். 1950 ஆகஸ்ட் 15 நிலநடுக்கத்தில் மலைகள் சரிந்து, பிரம்மபுத்திராவின் படுகை மேடேறி, அந்த ஆறு பழைய ஊரின் பெரும்பகுதியை அரித்துக்கொண்டு போயிற்று. முதியவர்கள் அணைக்கரையில் நின்று தண்ணீரைச் சுட்டி, "அங்கேதான் கடைத்தெரு இருந்தது" என்கிறார்கள்.

டிசம்பரில் புறப்பட்டு வா. விமானம் வேண்டாம், விவேக் எக்ஸ்பிரஸில் ஏறு, 4,200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் நாள் ஆறு மணி தாண்டி இருட்டும். ஆந்திரக் கரையோரத்தில் ஆறுக்கு முன்பே. வங்காளத்தில் ஐந்துக்கே விளக்குப் போடுவார்கள். கைக்கடிகாரத்தைத் திருத்தாமல் ஒவ்வொரு மாலையும் குறித்துக்கொண்டு வா. நிலையத்தில் நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
உன் நண்பன்