கைப்பேசிக்கு எவ்வளவு ரேம் போதும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைப்பேசி விளம்பரங்களில் '16 ஜிபி ரேம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியிட்டு, அடியில் '8 + 8' என்று பொடி எழுத்தில் அச்சிடும் வழக்கம் பெருகிவருவதால் இதை எழுதுகிறேன். ரேம் என்பது, இயங்கும் செயலிகள் தம் தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் வேகமான நினைவகம். அந்த இரண்டாவது எட்டு, ரேமே அல்ல. படங்களும் காணொளிகளும் கிடக்கும் சேமிப்பகத்திலிருந்து ஓர் இடத்தை ஒதுக்கி, ரேமுக்குத் துணையாகப் பயன்படுத்துகிறார்கள். வேகத்தில் அது ரேமுக்கு வெகுதூரம் பின்தங்கியது.

உண்மையான ரேமும் ஏறிக்கொண்டுதான் போகிறது. 2007-இல் வந்த முதல் ஐபோனில் 128 எம்பி இருந்தது. 2023-இல் 24 ஜிபி கொண்ட ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால், 2020-இல் கேலக்ஸி எஸ்20 அல்ட்ராவில் 16 ஜிபி வரை தந்த சாம்சங், 2024-இல் எஸ்24 அல்ட்ராவை 12 ஜிபியுடன் நிறுத்திக்கொண்டது. அதனால் அது மெதுவான கைப்பேசி ஆகிவிடவில்லை.

ரேம் எப்போதும் நிறைந்தே இருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். ஆண்ட்ராய்டு வேண்டுமென்றே அப்படி நிரப்பி வைக்கிறது. சும்மா இருக்கும் செயலிகளின் தரவைச் சுருக்கி வைத்து, இடம் போதாதபோது நெடுநேரம் தொடாதவற்றை மூடிவிடுகிறது. வாட்ஸ்அப், யூடியூப், பணப் பரிமாற்றம் என்று புழங்குபவருக்கு 8 ஜிபி தாராளம். 4 ஜிபியில்தான் உண்மையான அவதி: ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்புவதற்குள் செயலி முதலிலிருந்து தொடங்கி, நிரப்பிய படிவம் காலியாகிவிடுகிறது. அந்த நிலையில் கூடுதல் ரேமுக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல.

கைப்பேசிக்குள்ளேயே இயங்கும் செயற்கை நுண்ணறிவுக்கு அதிக ரேம் தேவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை இயக்கும் 'மாடல்' எனப்படும் பெரிய நிரல் ரேமில் ஏறி உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். ஒரே ஆண்டில் வந்தவற்றில் 8 ஜிபி கொண்ட ஐபோன் 15 ப்ரோவுக்கு 'ஆப்பிள் இன்டெலிஜென்ஸ்' என்னும் அந்நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு வசதி கிடைத்தது. 6 ஜிபி கொண்ட ஐபோன் 15-க்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவ்வசதியை நாடாதவரும் அதற்கான விலையைச் சுமக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. சில ஆண்டுகளில் கைப்பேசி தளர்வதற்குப் பேட்டரி தேய்வதும் சேமிப்பகம் நிரம்புவதும் முக்கியக் காரணங்கள். இவற்றைக் கூடுதல் ரேம் தீர்க்காது.

எனவே, தங்கள் இதழின் கைப்பேசி மதிப்புரைகளில் உண்மையான ரேம் அளவை மட்டும் குறிப்பிட்டு, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதையும் அதனருகிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.